சி.டி. ஸ்கேன் நார்மல், தலைவலி மட்டும் நிற்கவில்லை: ரத்தப் பரிசோதனை உதவுமா?

கேள்வி: என் தம்பிக்கு 26 வயது. ஊர்த் திருவிழாக் கபடிப் போட்டியில் ரைடு வந்தவரைப் பிடிக்கப் போனபோது அவருடைய முழங்கால் தம்பியின் நெற்றிப்பொட்டில் பட்டது. அரை நிமிடம்போல நினைவில்லாமல் கிடந்தான். எழுந்ததும் ‘ஸ்கோர் என்ன, ஸ்கோர் என்ன’ என்று கேட்டுக்கொண்டே இருந்தான். ஒரு தடவை வாந்தி எடுத்தான். மூன்று மணி நேரத்துக்குள் தனியார் மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் எடுத்தோம். நார்மல் என்று சொல்லி, வலி மாத்திரையும் ‘மூளைக்கு நல்லது’ என்று இன்னொரு மாத்திரையும் எழுதி அனுப்பிவிட்டார்கள். இன்றோடு 19 நாள். தினமும் தலைவலி. லேப்டாப்பை அரை மணி நேரம் பார்த்தால் கூடுகிறது. படுக்கையில் புரண்டால் தலை சுற்றுகிறது. சரியான தூக்கமில்லை, சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுகிறான். அமெரிக்காவில் நர்ஸாக இருக்கும் சித்தி மகள், ‘மூளைக் காயத்துக்கு இங்கே ரத்தப் பரிசோதனையே வந்துவிட்டது, சி.டி.யில் தெரியாததும் அதில் தெரியும்’ என்கிறாள். அதை இங்கே எடுக்கலாமா? அடிபட்ட அன்றே எடுத்திருந்தால் தெரிந்திருக்குமா? அடுத்த மாதம் மாவட்டப் போட்டி வருகிறது, அவன் விளையாடலாமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்:

அந்த ரத்தப் பரிசோதனையை இப்போது எடுக்க வேண்டாம். எடுக்க ஓர் இடம் கிடைத்தாலும் வேண்டாம். 19 நாள் கழித்து அது எதைக் காட்டினாலும் உங்கள் தம்பியின் சிகிச்சை மாறப்போவதில்லை. அதற்கு ஆகும் செலவையும் அலைச்சலையும் வேறு சில பரிசோதனைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவற்றைப் பின்னால் சொல்கிறேன்.

சித்தி மகள் சொன்னதில் பாதி சரி. அப்படி ஒரு பரிசோதனை உண்மையாகவே இருக்கிறது, அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.யின் அனுமதியும் அதற்கு உண்டு. ஆனால் எந்தக் கேள்விக்கு விடை சொல்ல அனுமதித்தார்கள் என்று பார்க்க வேண்டும். தலையில் அடிபட்டு, ஏறக்குறைய முழு நினைவோடு அவசரப் பிரிவுக்கு வரும் 18 வயதுக்கு மேற்பட்டவருக்கு சி.டி. தேவையா, தேவையில்லையா? அந்த ஒரு கேள்விக்குத்தான். தம்பிக்கு சி.டி. எடுத்து முடித்துவிட்டார்கள். இனி அந்தப் பரிசோதனைக்கு அவரிடம் வேலை இல்லை. நீங்கள் கேட்பது, ‘ஸ்கேன் நன்றாக இருந்தும் ஏன் குணமாகவில்லை’ என்று. அதற்கு விடை சொல்லும் ரத்தப் பரிசோதனை எந்த நாட்டிலும் நடைமுறைக்கு வரவில்லை.

பரிசோதனை அளப்பது இரண்டு புரதங்களை. ஒன்று ஜி.எஃப்.ஏ.பி.: மூளையின் நரம்பணுக்களைச் சுற்றித் தாங்கி நிற்கும் ஆஸ்ட்ரோசைட் என்ற விண்மீன் வடிவ அணுக்களுக்குள் இருக்கும் இழைப் புரதம். மற்றது யூ.சி.எச்.எல்.1: நரம்பணுக்களுக்குள்ளேயே, கழிவுப் புரதங்களை அகற்றும் வேலையில் பங்கெடுக்கும் என்சைம். அடியின் வேகத்தில் இந்த அணுக்கள் கிழிந்தாலோ கசிந்தாலோ உள்ளிருக்கும் புரதம் ரத்தத்துக்கு வந்து சேர்கிறது. வரும் அளவு மிகச் சொற்பம். அளக்கும் அலகு பிகோகிராம், அதாவது ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. 2018 பிப்ரவரியில் முதலில் அனுமதி பெற்ற பரிசோதனையின் எல்லைக்கோடு, ஒரு மில்லி ரத்த நீரில் ஜி.எஃப்.ஏ.பி. 22 பிகோகிராம், யூ.சி.எச்.எல்.1 327 பிகோகிராம். இரண்டில் ஒன்று எல்லையைத் தொட்டாலும் பாசிட்டிவ். இரண்டும் எல்லைக்குக் கீழே இருந்தால்தான் நெகட்டிவ்.

அந்த அனுமதிக்கு அடிப்படையாக இருந்த ஆய்வின் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள், உங்கள் குழப்பம் பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தலையில் அடிபட்டு வந்த 1,959 பேருக்கு ரத்தமும் எடுத்தார்கள், சி.டி.யும் எடுத்தார்கள். சி.டி.யில் மண்டைக்குள் காயம் தெரிந்தது 125 பேருக்கு. ரத்தப் பரிசோதனை நெகட்டிவ் என்று வந்தது 671 பேருக்கு, அவர்களில் 3 பேருக்கு மட்டுமே சி.டி.யில் ஏதோ இருந்தது. மூளை அறுவை சிகிச்சை அளவுக்குப் போகக்கூடிய காயம் மொத்தம் 8 பேருக்கு, அந்த 8 பேரில் ஒருவரையும் பரிசோதனை தவறவிடவில்லை. நெகட்டிவ் என்றால் நம்பி வீட்டுக்கு அனுப்பலாம் என்ற தைரியம் இந்த எண்களிலிருந்து வந்தது.

மறுபக்கம் இருக்கிறது. பாசிட்டிவ் வந்தவர்கள் 1,288 பேர். அவர்களில் சி.டி.யில் காயம் தெரிந்தது வெறும் 122 பேருக்கு. மீதி 1,166 பேருக்கு ஸ்கேன் சுத்தம். ஆக, இந்தப் பரிசோதனை விலக்குவதற்கு நல்லது, உறுதி செய்வதற்கு ஆகாது. டி-டைமர் என்ற பரிசோதனையைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தால், நெகட்டிவ் என்றால் காலின் சிரையில் ரத்தம் உறைந்திருக்குமோ என்ற சந்தேகத்தை மறந்துவிடலாம், பாசிட்டிவ் என்றால் ஸ்கேனுக்குப் போக வேண்டும் என்பார்கள். இதுவும் அந்த வகைதான். மூன்றில் இரண்டு பேர் ரத்தமும் கொடுத்துவிட்டு சி.டி.க்கும் போக வேண்டியிருக்கும் என்பதை விளம்பரங்கள் பெரிதாகச் சொல்வதில்லை.

அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது அமெரிக்க ராணுவம். காரணம் ஊகிக்கக் கூடியதே: போர்முனையில் சி.டி. இயந்திரம் கிடையாது, காயம்பட்டவரை ஹெலிகாப்டரில் ஏற்ற வேண்டுமா என்று அங்கேயே முடிவு செய்தாக வேண்டும். முதலில் வந்த முறை பெரிய லேபில் மணிக்கணக்கில் ஆகும் வேலையாக இருந்தது. 2021 ஜனவரியில் கையில் பிடிக்கும் கருவி வந்தது, 15 நிமிடத்தில் விடை சொன்னது, ஆனால் ரத்தத்தை முதலில் சென்ட்ரிஃபியூஜ் என்ற சுழலியில் சுற்றி, அணுக்கள் நீங்கிய பிளாஸ்மாவைப் பிரிக்க வேண்டியிருந்தது. 2024 ஏப்ரலில் பிரிக்காத முழு ரத்தத்திலேயே செய்யும் கார்ட்ரிட்ஜுக்கு (ரத்தம் விட்டுக் கருவியில் செருகும் சிறு பெட்டி) அனுமதி கிடைத்தது. அடிபட்டதிலிருந்து ரத்தம் எடுக்கும் வரை உள்ள கெடுவும் 12 மணி நேரத்திலிருந்து 24 மணி நேரமானது. சித்தி மகள் சொல்வது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

அதிலும் கைப்பிழைக்கு இடமுண்டு. முழங்கை நரம்பிலிருந்து, அதாவது சிரையிலிருந்து எடுத்த ரத்தம்தான் ஏற்கும், சர்க்கரை பார்ப்பதுபோல விரல் நுனியில் குத்தி எடுத்தது ஆகாது. ஊதா மூடி போட்ட ஈ.டி.டி.ஏ. குழாயில் எடுத்து, குலுக்காமல், மெதுவாக எட்டுப் பத்துத் தடவை கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். குலுக்கினால் சிவப்பணு உடையும், கவிழ்க்காமல் விட்டால் நுண்கட்டி சேர்ந்து கார்ட்ரிட்ஜ் அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு கருவிக்கும் எல்லைக்கோடு வேறு. 2021-ல் வந்த கருவிக்கு அது ஜி.எஃப்.ஏ.பி. 30, யூ.சி.எச்.எல்.1 360. ஆகவே ஒரு இடத்தில் எடுத்த எண்ணை இன்னொரு இடத்து எண்ணோடு வைத்து ‘ஏறியிருக்கிறது, இறங்கியிருக்கிறது’ என்று பேசக்கூடாது. எல்லாவற்றையும்விட அதிகம் கெடுப்பது நேரம். அடிபட்டது எத்தனை மணிக்கு என்று தெரியாமல் எண்ணைப் படிப்பதில் பொருளே இல்லை.

அதற்குக் காரணம் இந்தப் புரதங்களின் ஏற்ற இறக்கம். இரண்டுமே அடிபட்ட ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் தெரிய ஆரம்பிக்கும். யூ.சி.எச்.எல்.1 வேகமாக ஏறி 8 மணி நேரம் வாக்கில் உச்சத்தைத் தொட்டு, 48 மணி நேரத்தில் பெரும்பாலும் இறங்கிவிடும். ஜி.எஃப்.ஏ.பி. நிதானமாக ஏறி 20 மணி நேரம் வாக்கில் உச்சம் தொடும், ஒரு வாரம் வரைகூடக் கண்டுபிடிக்க முடியும். தம்பி அந்தக் காலத்தையெல்லாம் தாண்டிவிட்டார். இப்போது எடுத்தால் நெகட்டிவ் வருவதற்கே வாய்ப்பு அதிகம். அதை வைத்து ‘மூளைக்கு ஒன்றுமே ஆகவில்லை, நடிக்கிறான்’ என்று வீட்டில் யாராவது சொல்லிவிடுவார்கள் என்பதுதான் என் கவலை.

நாள்கள் கழித்து ஏறி, வாரக்கணக்கில் நீடிக்கும் குறிப்பான் (காயத்தைக் காட்டிக்கொடுக்கும் புரதம்) ஒன்று இருக்கிறது. பெயர் என்.எஃப்.எல்., நரம்பணுவின் நீண்ட வாலுக்குள் இருக்கும் இழை. ஆய்வுக்கூடங்களில் அதை ஆர்வமாகப் பார்க்கிறார்கள். ஆனால் வயது கூடக்கூட அது தானாகவே ஏறும், வேறு பல நரம்பு நோய்களிலும் ஏறும். ஒரு கூட்டத்தைச் சராசரியாகப் பார்த்தால் வித்தியாசம் தெரிகிறது, ஒரு தனி ஆளின் எண்ணைப் பார்த்து ‘இவருக்கு இது’ என்று சொல்லும் நிலை வரவில்லை.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. அன்றே எடுத்திருந்தால்? அந்த அடிக்கு பாசிட்டிவ் வந்திருக்கலாம். ‘சி.டி.யில் தெரியாததும் தெரியும்’ என்ற பேச்சுக்கு ஆதாரம் உண்டு. அமெரிக்காவில் டிராக்-டி.பி.ஐ. என்ற பெரிய ஆய்வில், சி.டி. நார்மலாக இருந்த 450 பேருக்கு இரண்டு வாரம் வாக்கில் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். 120 பேருக்கு, அதாவது நூற்றுக்கு 27 பேருக்கு, எம்.ஆர்.ஐ.யில் ஏதாவது காயம் தெரிந்தது. அப்படித் தெரிந்தவர்களுக்கு முதல் நாள் எடுத்த ரத்தத்தில் ஜி.எஃப்.ஏ.பி. நடுமதிப்பு 414 பிகோகிராம், தெரியாதவர்களுக்கு 74. 2019-ல் வெளியான இந்த முடிவு முக்கியமானது. சி.டி. நார்மல் என்றால் பெரிய ரத்தக்கசிவு இல்லை, மண்டை எலும்பு உடையவில்லை, உடனடி ஆபத்து இல்லை என்று அர்த்தம். மூளை அசங்கவே இல்லை என்று அர்த்தமில்லை. உங்கள் தம்பி நினைவிழந்ததும் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டதுமே மூளை அதிர்வுக் காயம், டாக்டர்கள் சொல்லும் கன்கஷன், நடந்துவிட்டது என்பதற்குப் போதும். அதை உறுதி செய்ய ரத்தம் தேவையில்லை.

சரி, பாசிட்டிவ் என்றே தெரிந்திருந்தால் யார் சீக்கிரம் குணமாவார், யாருக்கு இழுக்கும் என்றாவது சொல்லியிருக்குமா? அதுவும் இல்லை. அதே டிராக்-டி.பி.ஐ. குழு 2022-ல் வெளியிட்டதைப் பார்த்தால், முதல் நாள் அளவுகள் பலத்த காயக்காரர்களில் உயிர் பிழைப்பாரா என்பதை நன்றாகக் கணிக்கின்றன. தம்பியைப்போல லேசான காயக்காரர்களில் முழுமையாகக் குணமாவாரா என்பதைக் கணிப்பதில் சோடைபோகின்றன. 2025-ல் மூளைக் காயத்தை வகைப்படுத்தும் புதிய முறை ஒன்றை முன்வைத்தார்கள். நினைவு நிலை, ஸ்கேன் இவற்றோடு ரத்தக் குறிப்பான்களுக்கும், நோயாளியின் பழைய ஒற்றைத் தலைவலி, மனச்சோர்வு, முந்தைய தலைக்காயம் போன்ற பின்னணிக்கும் அதில் இடம் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பின்னணிதான் உங்கள் விஷயத்தில் ரத்தத்தைவிட அதிகம் பேசும். தம்பிக்கு முன்பே தலையில் அடிபட்டதுண்டா, ஒற்றைத் தலைவலி உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. டாக்டரிடம் அதை மறக்காமல் சொல்லுங்கள்.

மருத்துவமனை கவனக்குறைவாக இருந்துவிட்டதோ என்ற சந்தேகம் உங்கள் கடிதத்தில் தொனிக்கிறது. சி.டி. விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியாது. கனடாவில் 2001-ல் வகுத்த, உலகமெங்கும் பின்பற்றும் சி.டி. விதிப்படி, அடிபட்டு 2 மணி நேரமாகியும் முழுத் தெளிவு வராதது, இரண்டு அல்லது அதற்கு மேல் வாந்தி, மண்டை உடைந்த அறிகுறி, வயது 65 அல்லது அதற்கு மேல், அடிக்கு முந்தைய அரை மணி நேரமோ அதற்கு மேலோ மறந்துபோவது, ஓடும் வண்டி மோதியது அல்லது உயரத்திலிருந்து விழுந்தது போன்றவை இருந்தால் சி.டி. எடுக்க வேண்டும். ஒரே ஒரு வாந்தியோடு வந்த 26 வயதுக்காரருக்கு, சீக்கிரம் தெளிந்திருந்தால், அந்த விதிப்படி சி.டி. இல்லாமலும் அனுப்பியிருக்கலாம். எடுத்ததில் தவறில்லை. குறை எங்கே என்றால், ‘இதற்குப் பெயர் மூளை அதிர்வு, பெரும்பாலும் சில வாரத்தில் சரியாகும், இன்னின்னதைச் செய்யுங்கள், இன்னின்னதைச் செய்யாதீர்கள்’ என்று ஒரு தாள் கொடுக்காமல் அனுப்பியதுதான்.

ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு லேபுக்குப் போய் ‘மூளைக் காய டெஸ்ட்’ என்று கேட்டால், என்.எஸ்.இ. அல்லது எஸ்100பி என்ற பெயர்களைக் காட்டக்கூடும். பட்டியலில் அவை இருப்பது பெரும்பாலும் சில புற்றுநோய்களைத் தொடர்ந்து கவனிப்பதற்காக. என்.எஸ்.இ. சிவப்பணுக்களுக்குள்ளும் நிறைய இருக்கிறது. ரத்தம் எடுக்கும்போது ஊசியில் சிக்கிக் கொஞ்சம் உடைந்தாலே எண் எகிறிவிடும். எஸ்100பி-யின் கதை இன்னும் சுவாரசியமானது. ஸ்காண்டிநேவிய நாடுகள் 2013-லேயே அதை வழிகாட்டியில் சேர்த்துவிட்டன: ஆபத்துக் குறைந்த லேசான காயத்தில், அடிபட்ட 6 மணி நேரத்துக்குள் எடுத்த ரத்தத்தில் லிட்டருக்கு 0.10 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் சி.டி. இல்லாமல் வீட்டுக்கு அனுப்பலாம். அங்கே அது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் அந்தப் புரதம் கொழுப்பிலும், குருத்தெலும்பிலும், தோலுக்கு நிறம் தரும் அணுக்களிலும் இருக்கிறது. கை, கால் எலும்பு முறிந்திருந்தால் ஏறும். தலையில் அடியே படாமல் ஓடி ஆடி விளையாடினாலும் ஏறும். கருத்த தோல் உள்ளவர்களுக்கு இயல்பான அளவே சற்று உயரம். கபடி ஆடிக்கொண்டிருந்த நம் ஊர் இளைஞருக்கு இந்தக் காரணங்களில் இரண்டு மூன்று ஒன்றாகச் சேர்ந்துவிடும். அரைநாள் போனால் பயன் தீர்ந்துபோகும் அந்தக் குறிப்பானை 19-ஆம் நாள் எடுத்து, அது 0.10-க்கு மேல் வந்தால் பயப்படுவதும், கீழே வந்தால் நிம்மதியடைவதும் இரண்டுமே வீண்.

இதே கடிதத்தைப் படிக்கும் வேறு சிலருக்காக ஒன்று. ஜி.எஃப்.ஏ.பி. வயதோடு ஏறுவது, அதனால் முதியவர்களில் பெரும்பாலோருக்கு பாசிட்டிவ்தான் வரும். குளியலறையில் வழுக்கி விழுந்த 70 வயது அப்பா ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர் என்றால் எந்த ரத்தப் பரிசோதனைக்கும் காத்திருக்காமல் நேராக சி.டி.க்குப் போங்கள். குழந்தைகளுக்கும் இந்தக் கருவிகளுக்கு அனுமதி இல்லை. அவர்களுக்கு வேறு விதிகள் உண்டு, பல சமயம் சில மணி நேரம் கண்காணிப்பில் வைத்திருப்பதே போதும். சி.டி. பக்கத்திலேயே இருக்கும் ஊரில் இந்தப் பரிசோதனையால் கிடைப்பது, தலை சி.டி. ஒன்றில் ஏறும் சுமார் 2 மில்லிசீவெர்ட் கதிரைச் சிலருக்கு மிச்சப்படுத்துவதுதான். இயற்கையாகவே ஓராண்டில் நம்மேல் படுவது சராசரியாக 2.4. உண்மையான பயன், சி.டி.க்கு இரண்டு மூன்று மணி நேரம் மலைப்பாதையில் இறங்க வேண்டிய இடங்களில்தான்.

இப்போது தம்பிக்குச் செய்ய வேண்டியது.

முதலில், தலைவலி நாளுக்கு நாள் கூடுகிறதா, அப்படியே இருக்கிறதா, குறைகிறதா? கூடுகிறது என்றால், அல்லது திரும்பத் திரும்ப வாந்தி, தூங்கி வழிவது, ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், வலிப்பு, காது மூக்கிலிருந்து தண்ணீர்போல ஒழுகுவது, இவற்றில் ஒன்றே ஒன்று இருந்தாலும், அன்றைக்கே மறுபடி சி.டி. எடுக்க வேண்டும். முதல் சி.டி. நார்மல் என்பது இன்றைக்குச் செல்லாது. மூளையின் மேலுறைக்கு அடியில் மெல்ல மெல்லச் சேரும் ரத்தம் இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் தலைகாட்டும். இது பெரும்பாலும் வயதானவர்களுக்கும், குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கும், ரத்தம் இளக்கும் மருந்து எடுப்பவர்களுக்கும் வருவது. 26 வயதில் அரிது, ஆனால் இல்லாததல்ல.

கூடவில்லை என்றால் அவசரமில்லாமல் நரம்பியல் டாக்டரைப் பாருங்கள். அவர் எம்.ஆர்.ஐ. எழுதினால், சீட்டில் எஸ்.டபிள்யூ.ஐ. என்ற படவரிசையும் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். கடுகளவு ரத்தப் புள்ளிகளைக் காட்டுவது அதுதான். அது இல்லாமல் சாதாரணமாக எடுத்துவிட்டு, பிறகு இன்னொரு தடவை செலவு செய்பவர்கள் உண்டு. எம்.ஆர்.ஐ.யில் புள்ளி தெரிந்தாலும் தலைவலிக்கான வைத்தியம் பெரிதாக மாறாது. மறுபடி கபடி ஆடலாமா, எப்போது என்ற முடிவுக்குத்தான் அது அதிகம் உதவும்.

படுக்கையில் புரண்டால் தலைசுற்றல் என்று எழுதியிருக்கிறீர்களே, கடிதத்தில் எனக்கு நம்பிக்கை தரும் வரி அதுதான். தலையில் அடிபட்ட பிறகு உள்காதில் இருக்கும் நுண்ணிய சுண்ணக் கற்கள் இடம் பெயர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் விழுந்துவிடும். புரளும்போதும், அண்ணாந்து பார்க்கும்போதும் சில விநாடி சுழற்றியடிக்கும். காது மூக்கு தொண்டை டாக்டர் மேசையில் சட்டென்று பின்னால் சாய்த்துக் கண்ணின் அசைவைப் பார்த்தே கண்டுபிடிப்பார். எப்லி என்ற முறையில் தலையை வரிசையாகத் திருப்பிக் கற்களை அந்தக் குழாயிலிருந்து வெளியே கொண்டுவருவார். ஒன்றிரண்டு அமர்வில் பலருக்குச் சரியாகிவிடும். இதற்கு மாதக்கணக்கில் தலைசுற்றல் மாத்திரை விழுங்குவது வீண் மட்டுமல்ல, உடல் சமநிலையைத் தானாகத் திருத்திக்கொள்வதையும் அது தாமதப்படுத்தும். கழுத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். நெற்றிப்பொட்டில் அந்த வேகத்தில் பட்ட அடி கழுத்தையும் வெட்டி இழுத்திருக்கும். பிடரியில் தொடங்கி முன்னால் வரும் வலி என்றால், அது கழுத்து வலி. பிசியோதெரபி தேவைப்படும்.

மாத்திரைகளுக்கு வருவோம். வலி மாத்திரையை வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தினமும் விழுங்கும் பழக்கம் மாதக்கணக்கில் தொடர்ந்தால் மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். சாதாரண பாராசிட்டமால் என்றால் மாதத்தில் 15 நாள், காஃபீன் முதலியவை கலந்த கூட்டு மாத்திரை என்றால் 10 நாள் என்பது அபாயக் கோடு. தினமும் மாத்திரை தேவைப்படும் தலைவலிக்கு, அதைத் தடுக்கும் வேறு வகை மருந்தை டாக்டர் இரவில் கொடுப்பார். ‘மூளைக்கு நல்லது’ என்று எழுதியது சிட்டிகோலின் என்றால், அமெரிக்காவில் 1,213 மூளைக் காயக்காரர்களுக்கு தினம் 2,000 மில்லிகிராம் வீதம் 90 நாள் வரை கொடுத்துப் பார்த்து, வெற்று மாத்திரையைவிட மேலாக ஒன்றும் நடக்கவில்லை என்று 2012-ல் வெளியிட்டுவிட்டார்கள். அதை வாங்கும் காசில் நல்ல பழம் வாங்கலாம். ஆனால் சீட்டில் வலிப்புக்கான மாத்திரை ஏதாவது இருந்தால் அதை நீங்களாக நிறுத்தாதீர்கள், கேட்டுவிட்டு நிறுத்துங்கள்.

இருட்டறையில் படுத்தே கிடக்கச் சொல்லும் பழைய யோசனையை விட்டுவிடுங்கள். ஓய்வு முதல் 24 முதல் 48 மணி நேரத்துக்குத்தான், அதுவும் முழுப் படுக்கை அல்ல. அதற்குப் பின் லேசான உடற்பயிற்சி குணமாவதை விரைவுபடுத்துகிறது. 2022-ல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய விளையாட்டு மருத்துவ நிபுணர்கள் வகுத்த படிகளை தம்பிக்கு ஏற்றபடி சொல்கிறேன். 220-இலிருந்து வயதைக் கழித்தால் அதிகபட்ச நாடித்துடிப்பு, தம்பிக்கு 194. முதலில் அதில் 55 சதவீதம், ஏறத்தாழ 107. மணிக்கட்டில் 15 விநாடி எண்ணினால் 27 துடிப்பு. அந்த வேகத்தில் 15, 20 நிமிடம் காலையில் நடக்கட்டும். பிறகு 70 சதவீதம், ஏறத்தாழ 136, அதாவது 15 விநாடிக்கு 34. தொடங்கும் முன் தலைவலிக்கு 10-க்கு எத்தனை மார்க் என்று கேட்டு எழுதுங்கள். நடுவில் 2 மார்க் வரை ஏறி ஒரு மணி நேரத்துக்குள் இறங்கினால் பரவாயில்லை, மறுநாளும் தொடரலாம். அதற்கு மேல் ஏறினால் அன்றைக்கு நிறுத்திவிட்டு, மறுநாள் ஒரு படி கீழிருந்து தொடங்குங்கள். லேப்டாப் வேலைக்கும் இதே அளவுகோல்தான்: அரை மணியில் கூடுகிறது என்றால் 20 நிமிடத்தில் எழுந்துவிட வேண்டும். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழட்டும், மாலை 4 மணிக்கு மேல் டீ காபி வேண்டாம். மது வேண்டவே வேண்டாம். தலைசுற்றல் நிற்கும்வரை பைக் சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். எரிந்து விழுவது தூக்கம் கெட்டதாலும் காயத்தாலும் வருவது. வீட்டில் எல்லாரிடமும் இதைச் சொல்லிவையுங்கள். நான்கு வாரம் தாண்டியும் இப்படியே இருந்தால், மனநல ஆலோசனையையும் சிகிச்சையின் ஒரு பகுதியாகச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

மாவட்டப் போட்டிக்கு என் பதில், இல்லை. ரிசர்விலும் பெயர் வேண்டாம். களத்துக்குப் படிப்படியாகத்தான் திரும்ப வேண்டும். மேலே சொன்ன நடைப்பயிற்சிக்குப் பிறகு, தனியாகக் கோட்டைத் தொட்டுத் திரும்பும் ஓட்டமும் கால் நகர்வும், யாரோடும் உரசாமல். அதன்பின் அணியோடு சேர்ந்து, பிடி இல்லாத ரைடு பயிற்சி. அதற்கப்புறம் முழுப் பிடியோடு பயிற்சி. கடைசியில் ஆட்டம். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு முழு நாள். அணியோடு சேரும் படிக்கு முன்னால், ஓடி மூச்சு வாங்கும்போதுகூட ஓர் அறிகுறியும் இல்லை என்ற நிலை வர வேண்டும், டாக்டரின் எழுத்துப்பூர்வ அனுமதியும் வேண்டும். 19-ஆம் நாளும் தலைவலியோடு இருப்பவர் அந்தப் படியை எந்தத் தேதியில் எட்டுவார் என்று போட்டி அட்டவணையை வைத்து முடிவு செய்ய முடியாது. ‘ரத்தத்தில் ஒன்றுமில்லை, ஆடலாம்’ என்று சான்று தரும் பரிசோதனையும் கிடையாது. அதே ஆம்ஸ்டர்டாம் கூட்டமும் ரத்தக் குறிப்பான்களை ஆய்வோடு நிறுத்தி வைத்தது, களத்துக்குத் திரும்பும் முடிவுக்குச் சேர்க்கவில்லை. முதல் காயம் ஆறும் முன் இரண்டாவது அடி பட்டால், அது லேசானதாகவே இருந்தாலும், குணமாக எடுக்கும் காலம் பல மடங்கு நீளக்கூடும். இளம் வயதினருக்கு மிக அரிதாக மூளை திடீரென்று வீங்கி உயிருக்கே ஆபத்தாவதும் பதிவாகியிருக்கிறது.

டாக்டரிடம் போகும்போது சி.டி. படச்சுருளையும் அறிக்கையையும் மருந்துச் சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள். ஒரு தாளில் இவற்றை எழுதிவையுங்கள்: அடிபட்ட தேதி, நேரம். அடிக்கு முன் தம்பிக்குக் கடைசியாக நினைவிருப்பது எது, அடிக்குப் பின் தெளிவாக நினைவிருக்கும் முதல் விஷயம் எது (இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தை டாக்டர் கட்டாயம் கேட்பார், அன்று கூட இருந்த நண்பர்களிடம் விசாரித்து எழுதுங்கள்). இந்த 19 நாளில் எந்தெந்த நாள் எத்தனை வலி மாத்திரை. தலைவலி மார்க், காலை ஒன்று, இரவு ஒன்று, குறைந்தது 5 நாளுக்கு. இதற்கு முன் தலையில் பட்ட அடிகள், கபடியில் பட்டு யாரிடமும் சொல்லாமல் விட்டவை உட்பட. அதை நீங்கள் இல்லாதபோது டாக்டர் தனியாகக் கேட்டால் தம்பி சொல்லக்கூடும், அதனால் ஐந்து நிமிடம் வெளியே காத்திருங்கள்.